தையலுக்கும் செக்கிங்குக்கும் சண்டை வந்தால்: பனியன் கம்பெனி மேனேஜர் செய்ய வேண்டியது

ஷிப்மென்ட்டுக்கு இரண்டு நாள் இருக்கிறது. செக்கிங் டேபிளிலிருந்து, குறை திருத்த வேண்டிய ஆல்ட்ரேஷன் பீஸ் ஒரு கட்டு தையல் லைனுக்குத் திரும்பி வருகிறது. லைன் சூப்பர்வைசர் அதை வாங்கித் தரையில் போடுகிறார். "இதெல்லாம் ஒரு டேமேஜா? வேல தெரிஞ்ச ஆள உக்கார வைங்க." செக்கிங் சூப்பர்வைசர் சும்மா விடுவதில்லை. "ஒழுங்கா தச்சா நாங்க ஏன் திருப்பி அனுப்பறோம்?" முப்பது மிஷின் நின்று வேடிக்கை பார்க்கிறது. கால் மணி நேரத்தில் இரண்டு பேரும் மேனேஜர் கேபின் வாசலில் நிற்கிறார்கள்.

திருப்பூர் பக்கம் பின்னலாடை கம்பெனிகளில் அடிக்கடி பார்க்கிற சண்டை இது. பெரும்பாலான மேனேஜர்கள் இதைத் தீர்க்கும் விதமும் ஒன்றுதான்: "ஷிப்மென்ட் நேரத்துல எதுக்குப்பா இதெல்லாம், ரெண்டு பேரும் விட்டுக்குடுத்துப் போங்க." அன்றைக்கு அடங்கும். அடுத்த ஷிப்மென்ட்டில் அதே இரண்டு பேர், அதே வசனம், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

அடங்காததற்குக் காரணம் உண்டு. தொழிற்சாலைச் சண்டையில் இரண்டு பங்கு இருக்கும்: ஒன்று கணக்கு, இன்னொன்று மனத்தாங்கல். எத்தனை பீஸ், யார் பிழை, திருத்துகிற நேரத்துக்கு யார் கூலி தருவது என்பது கணக்கு. எல்லார் முன்னாடியும் பேசிவிட்டான், வயதுக்கு மரியாதை இல்லை என்பது மனத்தாங்கல். மேனேஜர்கள் மனத்தாங்கலை முதலில் ஆற்றப் பார்க்கிறார்கள். கணக்கை யாரும் தொடுவதில்லை. வரிசையை மாற்றிச் செய்து பாருங்கள். கணக்கு நேரானால் மனத்தாங்கலில் பாதி தானாகவே கரையும். மிச்சப் பாதியைப் பேசலாம்.

முதல் பத்து நிமிஷம்

மிஷின்களுக்கு நடுவில் நின்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். யார் சரி என்று உங்களுக்கே தெரிந்திருந்தாலும் வேண்டாம். சூப்பர்வைசரை அவருடைய டெய்லர்கள் முன்னால் தோற்கடித்துவிட்டால், அடுத்த ஆறு மாதம் அவர் சொல்வதை லைனில் யாரும் கேட்க மாட்டார்கள். நஷ்டம் உங்களுக்குத்தான்.

சொல்ல வேண்டியது மூன்று வாக்கியம். "இந்தக் கட்ட நான் எடுத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் இப்ப வேலைய பாருங்க. டீக்கு அப்புறம் தனித்தனியா கூப்பிடறேன், ரெண்டு பேரையும் கேப்பேன்." கடைசி வாக்கியத்தில் உள்ள 'ரெண்டு பேரையும்' முக்கியம். அதைச் சொல்லாமல் ஒருவரை மட்டும் கேபினுக்குள் அழைத்தால், வெளியே நிற்பவர் தன் கதை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிடுவார்.

அந்தக் கட்டை உண்மையிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். பண்டல் நம்பர், சைஸ், கலர், எந்த லைன், எத்தனை மணி என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டுக்குள் வையுங்கள். அரை மணி நேரம் தரையில் கிடந்தால் போதும், யாராவது 'உதவி' செய்கிறேன் என்று பாதியைத் திருத்தி நல்ல பீஸோடு கலந்துவிடுவார்கள். பிறகு பேச்சுக்குப் பேச்சுதான் மிஞ்சும், சாட்சி இருக்காது.

கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் பற்றி ஒரு வரியும் போட வேண்டாம். ஓனர் அந்த குரூப்பில் இருக்கிறார் என்பதை மறந்தவர்கள் நிறையப் பேர்.

எப்போது பேசுவது? அதே நாளில், ஆனால் அதே மணி நேரத்தில் அல்ல. ஒன்றிரண்டு மணி நேர இடைவெளி கோபத்தைத் தணிக்கும். ஓர் இரவு தாண்டினால் கதை வேறாகிவிடும். மறுநாள் காலைக்குள் லைன் முழுக்கக் கட்சி பிரிந்திருக்கும். ஒன்றரை ஷிப்ட் முடிகிற இரவு எட்டரை மணியும், வாரச் சம்பளம் எண்ணித் தருகிற சனிக்கிழமை சாயங்காலமும் உதவாது. முதலாவதில் காது வேலை செய்யாது, இரண்டாவதில் ஒவ்வொரு சொல்லும் காசாகவே கேட்கும்.

ஆளுக்கு முன்னால் பீஸைக் கேளுங்கள்

சூப்பர்வைசர்களை அழைப்பதற்கு முன் அந்தக் கட்டைப் பிரித்து, நல்ல வெளிச்சத்தில் மூன்று குவியலாக்குங்கள்: துணிப் பிழை, கட்டிங் பிழை, தையல் பிழை. இருபது நிமிஷ வேலை. இதைத் தவிர்க்கிற மேனேஜர் மற்ற எல்லாவற்றையும் ஊகத்தில்தான் செய்வார்.

துணிப் பிழை என்பது நிட்டிங்கிலிருந்தோ டையிங்கிலிருந்தோ வந்தது. நீளவாக்கில் ஓடும் ஊசிக் கோடு, தையலுக்குத் தொலைவில் நடுத்துணியில் உள்ள ஓட்டை, ஒரே பாகத்துக்குள் நிற வேறுபாடு. துவைத்த பிறகு சைடு தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வருவதும் பெரும்பாலும் துணியின் குணம்தான். சிங்கிள் ஜெர்சி என்கிற மெல்லிய பனியன் துணியில் நூல் முறுக்கினால் வருவது அது. டெய்லரைத் திட்டிப் பயனில்லை.

கட்டிங் பிழை என்றால் ஒரு பக்கம் அளவு குறைவது, நாட்ச் (பாகங்களைச் சேர்க்க வைக்கும் அடையாள வெட்டு) தவறுவது, வேறு வேறு லேயரின் கையும் உடம்பும் கலந்து நிறம் ஒட்டாமல் போவது. துணியைப் போதிய நேரம் பிரித்துப் போட்டு ஆற விடாமல் வெட்டினால், வெட்டிய பிறகு சுருங்கி அளவு குறையும். அதைத் தைத்தவர் தலையில் கட்டுவது வழக்கம்.

தையல் விட்டுப்போதல், திறந்த தையல், ஹெம் (மடித்துத் தைத்த ஓரம்) ஏறி இறங்குதல், எண்ணெய்க் கறை எல்லாம் தையல் பிழை. ஊசி ஓட்டையும் இதில் சேரும், ஆனால் அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தையல் கோட்டை ஒட்டி வரிசையாக ஓட்டை இருந்தால் அது ஊசி வெட்டியது. தையலை இரு பக்கமும் மெல்ல இழுத்துப் பிடித்து பூதக்கண்ணாடியில் பார்த்தால் அறுந்த பின்னல் கண்ணி தெரியும். ஊசி முனை மழுங்கியிருக்கலாம், அல்லது பின்னல் துணிக்கு வேண்டிய முனை உருண்ட பால் பாயின்ட் ஊசிக்குப் பதில் கூர்முனை ஊசி போட்டிருக்கலாம். ஊசி மாற்றுவது அந்த டெய்லரின் வேலையா, மெக்கானிக்கின் வேலையா என்று உங்கள் கம்பெனியில் தெளிவாக இருக்கிறதா? இல்லையென்றால் இந்தச் சண்டைக்கு மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் இன்னும் அழைக்கப்படவில்லை.

அடுத்தது எண்ணிக்கை. இங்கேதான் இரண்டு பேரும் உண்மையே பேசி, ஒருவரை ஒருவர் பொய்யர் என்பார்கள். ஒரு நாள் 400 பீஸ் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். அதில் 28 பீஸில் குறை. சில பீஸில் இரண்டு குறை இருந்ததால் மொத்தக் குறை 36. தையல்காரர் பீஸை எண்ணி "7 சதவீதம்தான்" என்பார். செக்கிங்காரர் குறையை எண்ணி, நூறு பீஸுக்கு இத்தனை என்று சொல்லும் டி.எச்.யு. கணக்கில் "ஒன்பது" என்பார். இரண்டும் சரியான கணக்கே. அந்த 28-ஐக் குவியலாகப் பிரித்தபோது துணி 11, கட்டிங் 5, தையல் 12 என்று வந்தால், லைன் பொறுப்பேற்க வேண்டியது 400-க்கு 12, அதாவது 3 சதவீதம். 'ஒன்பது' என்று போர்டில் எழுதி லைன் பெயரைப் போட்டால் அந்த சூப்பர்வைசருக்கு ஏன் கொதிக்காது?

செக்கிங் பக்கமும் நியாயம் இருக்கிறது. பையர் தரப்பு ஆய்வாளர் 3,000 பீஸ் உள்ள லாட்டில், பொதுவான இரண்டாம் நிலை ஆய்வில், 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார். ஏ.க்யூ.எல். (பையர் ஏற்கும் குறை வரம்பு) 2.5 என்றால் பெரிய குறை ஏழு வரை பாஸ், எட்டானால் லாட் ஃபெயில். செக்கிங் சூப்பர்வைசரின் தூக்கம் அந்த எட்டாவது பீஸில் இருக்கிறது. லைன் சூப்பர்வைசரின் தூக்கம் மணிக்கு எத்தனை பீஸ் என்ற போர்டில் இருக்கிறது. இரண்டு அளவுகோலையும் எழுதிக் கொடுத்தவர் மேனேஜர். இந்தச் சண்டையை யார் மூட்டிவிட்டது என்று பார்த்தால், பல நேரம் விரல் நம் பக்கமே திரும்பும்.

தனித்தனியாகக் கேட்பது

ஆளுக்கு இருபது நிமிஷம், இருவருக்கும் ஒரே அளவு. ஒருவரிடம் நாற்பது நிமிஷம் பேசி இன்னொருவரை ஐந்து நிமிஷத்தில் அனுப்பினால், வெளியே கடிகாரம் பார்க்க ஆள் இருக்கிறார்கள். கண்ணாடிக் கேபின் வேண்டாம். ஸ்டோர் ரூம், சாம்பிள் ரூம் மாதிரி லைன் கண்ணில் படாத இடம் நல்லது. பெண் ஊழியராக இருந்தால் கதவைத் திறந்து வையுங்கள், அல்லது அவர் விரும்பும் ஒரு பெண்ணை உடன் இருக்கச் சொல்லுங்கள். கம்பெனி எதிர் டீக்கடையில் பேசுவது தோழமையாகத் தோன்றும். ஆனால் அங்கே பேசியது மாலைக்குள் மூன்று கம்பெனிக்குத் தெரியும்.

அவர் உட்கார்ந்த பிறகு நீங்கள் உட்காருங்கள். நிற்க வைத்துக் கேட்டால் அது விசாரணை ஆகிவிடும்.

கேள்விகளில் 'ஏன்' வேண்டாம். "ஏன் அப்படிப் பேசினீங்க" என்றால் பதில் காரணமாக வராது, வக்காலத்தாக வரும். 'என்ன', 'எப்போ', 'எத்தனை' என்று கேளுங்கள்:

"கட்டு உங்க கைக்கு வந்தப்ப மணி என்ன இருக்கும்?"
"அதுல எத்தனை பீஸ நீங்களே எடுத்துப் பாத்தீங்க?"
"அவரு சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லுங்க."
"இது எப்பல இருந்து இப்படி இருக்கு?"

நான்காவது கேள்வியில்தான் விஷயம் வரும். அங்கே நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள். பத்து நொடி மௌனம் நீளமாகத் தோன்றும், நீங்களே பேசி நிரப்பத் தோன்றும். பேசாதீர்கள். "எப்பல இருந்துன்னா... போன ஆயுத பூஜைக்குப் போனஸ் குடுத்தப்பவே..." என்று அப்போதுதான் கதவு திறக்கும்.

அவர் சொன்னதை அவர் கண்ணெதிரே நோட்டில் எழுதுங்கள், பிறகு படித்துக் காட்டுங்கள். "நான் எழுதியிருக்கறது சரிங்களா?" என்ற கேள்விக்கு ஆள் பாதி இறங்கிவிடுவார். கேட்கப்பட்டோம் என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி இல்லை. "இத யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்" என்று ஆரம்பித்தால் உடனே தலையாட்ட வேண்டாம். "சொல்றதுக்கு முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். யாரையாவது கை வச்சது, பொண்ணுங்ககிட்ட தப்பா நடந்தது மாதிரி விஷயம்னா நான் மேல சொல்லியே ஆகணும். மத்ததுன்னா எனக்குள்ள இருக்கும்." வாக்குக் கொடுத்து மீறுவதைவிட முன்கூட்டியே எல்லை சொல்வது மேல்.

இந்தப் பேச்சில் நீ, நீங்க என்ற இரண்டு சொல்லும் செய்கிற வேலை பெரியது. எப்போதும் 'நீங்க' என்று பேசுகிற மேனேஜர் கோபத்தில் 'நீ' என்று இறங்கினால், அதற்குப் பிறகு அவர் சொன்ன எந்த நியாயமும் காதில் ஏறாது. வீட்டுக்குப் போய்ச் சொல்லப்படுவது அந்த ஒரு எழுத்துதான். அதே போல, எப்போதும் "வா தம்பி, போ தம்பி" என்று பேசிய ஆளிடம் திடீரென்று "நீங்க சொல்லுங்க" என்று ஏறினாலும் ஆள் பயந்துவிடுவார், சீட்டுக் கிழியப் போகிறது என்று. எந்த முறையில் தினமும் பேசுவீர்களோ அதையே காப்பாற்றுங்கள். உங்களைவிட வயதில் மூத்த சூப்பர்வைசர் என்றால் 'அண்ணா', 'அக்கா' சேர்த்தே பேசுங்கள். குறையைச் சொல்லும்போதும் அந்த முறை மாறக்கூடாது. "அண்ணா, கட்ட தரையில போட்டது தப்புங்க" என்றால் மரியாதையும் குறையவில்லை, தப்பு தப்பாகவே நிற்கிறது.

இருவரையும் உட்கார வைப்பது

இரண்டு தனிப் பேச்சும் முடிந்த பிறகே இது. எதிரெதிராக உட்கார வைக்காதீர்கள். மேஜையின் ஒரே பக்கத்தில் அல்லது ஆங்கில 'எல்' (L) வடிவில், இருவர் கண்ணும் மூன்று குவியலையும் பார்க்கும்படி. முகத்தைப் பார்த்துப் பேசினால் சண்டை, பீஸைப் பார்த்துப் பேசினால் வேலை. நேரம் நாற்பது நிமிஷத்துக்குள். உங்கள் போன் சைலண்டில், கவிழ்த்து வைத்து.

ஆரம்பம் உங்களுடையது: "யார் சரி யார் தப்புன்னு சொல்ல உக்காரல. இந்த 28 பீஸு எங்கருந்து வந்துச்சு, நாளைக்கு வராம இருக்க என்ன பண்றதுன்னு பேசத்தான். நடுவுல ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேச வேண்டாம்." பிறகு குவியலை அவர்கள் கையாலேயே சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு பீஸ் குவியல் மாறும். மாறட்டும். அவர்கள் இருவரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட முதல் விஷயம் அதுதான்.

கணக்கு ஒத்துக்கொண்ட பிறகு ஏற்பாடு. இந்த மாதிரிச் சண்டையில் பொதுவாக நான்கு விஷயம் மாற வேண்டியிருக்கும். ஆல்ட்ரேஷனைச் சாயங்காலம் மொத்தமாகத் தராமல் மணிக்கு ஒரு முறை தருவது முதலாவது. ஒரு ஓவர்லாக் மிஷின் காலை பத்து மணிக்குத் தையல் விட ஆரம்பித்திருந்தால், பதினொரு மணிக்குள் தெரிந்து மெக்கானிக் சரிசெய்துவிடுவார். ஆறு மணிக்கு அறுபது பீஸாக வந்தால் டெய்லருக்கு எந்த நேரத்தில் தைத்தது என்றே நினைவிருக்காது. இரண்டாவது, துணிப் பிழையும் கட்டிங் பிழையும் லைனுக்குப் போகக்கூடாது. தனி டப்பாவில் கட்டிங் மாஸ்டரிடம் போக வேண்டும். மூன்றாவது, குறை உள்ள இடத்தில் ஸ்டிக்கர். 'பாத்துக்கோ' என்று கட்டைத் தூக்கிக் கொடுத்தால் எங்கே குறை என்று தேடுவதிலேயே நேரம் போகும், தேடுகிறவர் கோபமும் ஏறும்.

நான்காவதுதான் கஷ்டமானது: கூலி. பீஸ் ரேட்டில், அதாவது பீஸுக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைப்பவர், தன் பிழை இல்லாத பீஸைப் பிரித்துத் தைக்கும் நேரத்துக்கு யார் காசு தருகிறார்கள்? யாரும் தருவதில்லை என்றால், செக்கிங்கிலிருந்து வருகிற ஒவ்வொரு கட்டும் அவர் வாரச் சம்பளத்திலிருந்து எடுத்ததாகவே தெரியும். சூப்பர்வைசர் கட்டைத் தரையில் போட்டது அந்த முப்பது பேருக்காகவும்தான். அடுத்தவர் பிழையைத் திருத்தும் நேரத்துக்கு மணிக் கூலி என்று ஓனரிடம் பேசி வாங்குவது உங்கள் வேலை. வாங்க முடியாவிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 'பாத்துக்கலாம்' என்ற சொல்லை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அதற்கு 'இல்லை' என்று பொருள் என்பது கை மடிக்கும் ஹெல்பர் பெண்ணுக்குக்கூடத் தெரியும்.

ஒப்புக்கொண்டதை நான்கு வரியில் எழுதி, தேதி போட்டு, மூவரும் கையெழுத்து. வக்கீல் நோட்டீஸ் மொழி வேண்டாம். "மணிக்கு ஒரு தடவை ஆல்ட்ரேஷன். ஸ்டிக்கர் ஒட்டி. துணி, கட்டிங் டேமேஜ் நீல டப்பா. 15 நாள் பார்ப்போம்." போதும்.

மனத்தாங்கல் இப்போதுதான். "கண்ணு தெரியலையா", "வேல தெரிஞ்ச ஆளு" போன்ற வார்த்தைகளை நீங்களே எடுத்து வையுங்கள், பெயர் சொல்லாமல்: "கோவத்துல ரெண்டு பக்கமும் வார்த்தை வந்துடுச்சு. அத மனசுல வச்சுக்கிட்டு போக வேண்டாம்னு நினைக்கறேன்." யாராவது "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றால் நல்லது. சொல்லவில்லையென்றால் வற்புறுத்தாதீர்கள். மன்னிப்பைக் கட்டாயப்படுத்தி வாங்கினால் வாங்கியவருக்கும் ருசிக்காது, கொடுத்தவருக்கும் ஆறாது. சில பேர் வாயால் சொல்ல மாட்டார்கள். மறுநாள் டீ வரும்போது இரண்டு டம்ளராக வாங்கிக்கொண்டு போவார்கள். அதைக் கண்டும் காணாமல் இருங்கள்.

நடுவில் கெடுகிற இடங்கள் உண்டு. பழைய கதை வந்தால் ("போன வருஷம் தீபாவளி சமயத்துல இவரு...") நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி "இது தனியா பேசுவோம்" என்று சொல்லுங்கள், பிறகு நிஜமாகவே பேசுங்கள். அழுதால் தண்ணீர் கொடுத்து ஐந்து நிமிஷம் காத்திருங்கள். "எதுக்கு அழறீங்க" என்று கேட்க வேண்டாம். எழுந்து போனால் பின்னால் ஓட வேண்டாம், மறுநாள் காலை பத்தரைக்கு என்று நேரம் மட்டும் சொல்லி அனுப்புங்கள். ஓனர் உள்ளே வந்து "என்னப்பா பிரச்சனை, நான் சொல்றேன் கேளு" என்று ஆரம்பித்தால்? அதற்கு மருந்து முன்கூட்டியேதான். காலையிலேயே "அரை மணி நேரம் உக்காரறோம், முடிச்சுட்டு நானே வந்து சொல்றேங்க" என்று அவரிடம் சொல்லி வைப்பதே வழி.

ஒரே ஆளிடம் கசப்பான விஷயம் சொல்வது

பன்னிரண்டு வருஷமாகப் பேட்லாக் (ஹெம் தைக்கும் மிஷின்) ஓட்டுகிறவர். இரண்டு மாதமாக அவர் ஹெம்மில் டேமேஜ் ஏறிக்கொண்டே போகிறது. இதைச் சொல்லாமல் தள்ளிப்போடுவதுதான் வழக்கம். பிறகு ஒரு நாள் மொத்தமாக வெடிப்பதும் வழக்கம்.

விஷயத்தை இரண்டாவது வாக்கியத்துக்குள் சொல்லிவிடுங்கள். குடும்பம், குழந்தை, ஊர்த் திருவிழா என்று கால் மணி நேரம் விசாரித்துவிட்டு "அப்புறம்..." என்று இழுத்தால், அடுத்த முறை நீங்கள் அன்பாக விசாரித்தாலே அவருக்கு வயிற்றைக் கலக்கும். "அக்கா, உக்காருங்க. உங்க மிஷின்ல ஹெம் டேமேஜ் ஏறியிருக்கு, அதப் பத்திப் பேசத்தான் கூப்பிட்டேன். முன்னாடி நாளைக்கு நாலஞ்சு வரும், இப்ப இருவது வருது. இந்தா மூணு வாரத்து ரிப்போர்ட்டு. உங்களுக்கு என்ன தோணுது?"

எண்ணைச் சொல்லுங்கள், குணத்தைச் சொல்லாதீர்கள். 'அலட்சியம்', 'பொறுப்பில்லை' என்ற சொற்களில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. பன்னிரண்டு வருஷம் நன்றாகத் தைத்தவர் இரண்டு மாதத்தில் கெட்டால், முதலில் மிஷினைப் பாருங்கள், பிறகு விளக்கு, பிறகு கண். நாற்பதைத் தாண்டியவருக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி தேவைப்படுவது இயல்பு. லைனில் கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டது என்பார்கள் என்று போடாமல் இருப்பவர்கள் உண்டு. அது தெரியாமல் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தவர் பிறகு வெட்கப்பட வேண்டியிருக்கும்.

டேமேஜுக்குக் கூலியில் பிடித்தம் என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள், சட்டம் தெரியாமல். இழப்புக்காகப் பிடிப்பதற்கு முன் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். இழப்பு அவருடைய கவனக்குறைவால் வந்தது என்று நிற்க வேண்டும், பிடித்தம் அந்த இழப்பைத் தாண்டக்கூடாது. அபராதம் என்றால் அந்தச் சம்பளக் காலக் கூலியில் 3 சதவீதத்துக்கு மேல் போட முடியாது. சனிக்கிழமை கவரில் குறைத்துக் கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமை காரணம் சொல்வது சட்டப்படியும் தவறு, நியாயப்படியும் தவறு.

அட்வான்ஸ் கேட்டு இல்லை என்று சொல்ல வேண்டிய பேச்சு இதைவிடச் சின்னது. ஒரே நாளில், ஒரே தடவையில் சொல்லுங்கள். முடிந்த தொகை எவ்வளவு, எப்போது என்று கூடவே சொல்லுங்கள். "ஓனர் ஊர்ல இல்ல" என்ற பொய் வேண்டாம். ஓனர் கார் வாசலில் நிற்கும்.

ஒடிசா, பீகார் ஆட்கள் இருக்கும் லைன்

மொழி தெரியாத சண்டையில் கான்ட்ராக்டரையோ அவருடைய ஆளையோ மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். தொழிலாளி சொல்கிற குறை கான்ட்ராக்டர் மேலேயே இருக்கலாம், அது உங்களிடம் வந்து சேராது. வேறு லைனில் வேலை செய்யும், இரண்டு பக்கமும் சொந்தம் இல்லாத ஒருவரை அழைத்து வாக்கியம் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷம் பேசியதற்கு "ஒண்ணுமில்லையாம் சார்" என்று மொழிபெயர்த்தால் ஆளை மாற்றுங்கள்.

நீங்கள் தீர்த்து வைக்கக்கூடாதவை

சமாதானம் பேசுவதில் கெட்டிக்காரர்கள் தவறி விழுகிற இடம் இது. எல்லாவற்றையும் பேசித் தீர்க்கலாம் என்ற எண்ணம் சில விஷயங்களில் குற்றத்துக்குத் துணை போவதாகிவிடும்.

பாலியல் துன்புறுத்தல் என்று ஒரு பெண் சொன்னால் உங்கள் வேலை கேட்பது, புகாரை எழுத்தில் கொடுக்க உதவுவது, உடனடிப் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்வது. அதோடு முடிந்தது. 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒரு உறுப்பினர். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். சமரசம் என்பது அந்தப் பெண்ணே கேட்டால் மட்டும், அதுவும் பணம் கொடுத்து முடிப்பதாக இருக்கக்கூடாது. புகார் ஓனர் மீதே என்றால், அல்லது பத்துப் பேருக்குக் குறைவான யூனிட் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். "எதுக்கும்மா பிரச்சனை, லைன மாத்தி விட்டுடறேன்" என்று பெண்ணையே மாற்றுவது அவருக்குத் தண்டனை கொடுப்பதாகும்.

சாதி சொல்லித் திட்டியது கேபின் பேச்சில் முடிகிற விஷயம் அல்ல. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அடிதடியும் அப்படியே. காயம் இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகு சாட்சிகளின் எழுத்து வாக்குமூலம், பிறகு முறையான விசாரணை. விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட் செய்தால் பிழைப்பூதியம் உண்டு. முதல் 90 நாளுக்குக் கூலியில் பாதி. "நாளையில இருந்து வராத" என்று வாசலில் சொல்லி அனுப்புவது சஸ்பென்ஷன் ஆகாது, சட்டவிரோத வேலைநீக்கம் என்று வழக்காகும்.

இது தவிர, இருபதும் அதற்கு மேலும் தொழிலாளர் உள்ள நிறுவனத்தில் குறைதீர்க் குழு அமைக்க வேண்டும் என்பது சட்டம், இரு தரப்பிலும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்களோடு. இதைப் பேப்பரில் மட்டும் வைத்திருக்கிற கம்பெனிகள் ஒரு நல்ல கருவியைத் துருப்பிடிக்க விடுகின்றன. பீஸ் ரேட் சண்டைகளில் பாதியை அந்தக் குழுவே முடித்துவிடும், மேனேஜர் இரு பக்கமும் திட்டு வாங்காமல்.

பதினைந்து நாள் கழித்து

எழுதிய நான்கு வரியை எடுத்து இருவரையும் மறுபடி ஐந்து நிமிஷம் நின்றபடியே பாருங்கள். மணிக்கு ஒரு முறை ஆல்ட்ரேஷன் வருகிறதா? பெரும்பாலும் முதல் நான்கு நாள் வரும், பிறகு இரண்டு மணிக்கு ஒரு முறை ஆகும், பிறகு பழையபடி சாயங்காலம். கேட்டால் "ஆள் இல்லைங்க சார்" என்பார்கள். அது உண்மையாகவே இருக்கும். கட்டைத் தூக்கிக்கொண்டு நடக்க ஹெல்பர் யாரும் ஒதுக்கப்படவில்லை. ஏற்பாட்டை எழுதும்போதே அந்த நடைக்கு ஒரு பெயரைப் போட்டிருக்க வேண்டும். போடவில்லையென்றால் இப்போது போடுங்கள், மிஷின் ஓட்டாத, பிசிர் வெட்டும் பகுதியிலிருந்து ஒருவர். மணிக்கு ஆறு நிமிஷ வேலை.

போர்டையும் மாற்றுங்கள். லைன் பெயருக்கு நேராக மொத்தக் குறை எழுதிய இடத்தில் தையல், கட்டிங், துணி என்று மூன்று கட்டம் கோடு போடுங்கள். சாக்பீஸைச் செக்கிங் சூப்பர்வைசரிடம் கொடுத்து, எழுதும்போது லைன் சூப்பர்வைசரும் பக்கத்தில் நிற்கட்டும்.